மாசி மாதத் தாடிகளும் மேனேஜரின் வெள்ளைக் காரும்

இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பணி ஓய்வு பெற்று, சால்வை போர்த்தப்பட்டு, சர்க்கரை போடாத காபி குடிப்பவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. சால்வை போர்த்தினார்கள், அது உண்மை. விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்கள். நான் ஓய்வு பெறவில்லை, எஸ்டேட்டை விட்டு மட்டும் போகிறேன். அடுத்து முட்டத்துப் பக்கம் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் சேர்கிறேன். அங்கே காட்டுத் தீ இல்லை. அமோனியா இருக்கிறது.

பாதுகாப்பு அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி மேனேஜர் கேட்டுக்கொண்டார். கருவிகளை எப்படி இயக்குவது, வடிகட்டியை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டை எழுதியது நான்தான் என்பதால் அதை நம்பலாம். அதில் எழுத முடியாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றியது.

முதலில் விதி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ரப்பர் எஸ்டேட் குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில், காட்டை ஒட்டி இருக்கிறது. ரப்பர் பாலில் பெரும்பகுதியை இயந்திரத்தில் சுழற்றிக் கெட்டியாக்கி, கையுறை செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்கிறோம். மிச்சத்தை ஷீட்டாக அடித்துப் புகைப்புரையில் தொங்கவிடுகிறோம். விறகை எரித்து, அந்தப் புகையிலேயே ஷீட்டைக் காயவைக்கும் அறைக்குத்தான் புகைப்புரை என்று பெயர். கையுறைக் கம்பெனி இருக்கும் ஊரில் கோடைதோறும் காடு எரிகிறது. புகை வந்தால் தொழிலாளியை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. அதே விதியைத் தங்களுக்குச் சரக்கு தருகிறவர்களும் பின்பற்ற வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்றிலுள்ள நுண்துகள் ஓர் அளவைத் தாண்டினால், முடிந்தவரை ஆட்களைப் புகையிலிருந்து விலக்க வேண்டும். கேட்பவர்களுக்கு வடிகட்டி வைத்த முகக்கவசம் தர வேண்டும். இன்னும் அதிகமானால் முகக்கவசம் கட்டாயம். அந்தக் கட்டத்தில் கவசம் ஒவ்வொருவர் முகத்திலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறதா என்று முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். ஒட்ட வேண்டிய இடத்தில் மயிர் இருக்கக் கூடாது. தாடிக்கும் கவசத்துக்கும் நடுவே புகை தாராளமாக நுழையும் என்பதால் இது நியாயமான நிபந்தனை.

தலைமை அலுவலகம் அந்த ஆவணத்தை முழுவதும் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. முகக்கவசம். அதை விலைக்கு வாங்கலாம், அலமாரியில் அடுக்கலாம், அடுக்கியதைப் படம் பிடித்து அனுப்பலாம். ஆட்களைப் புகையிலிருந்து விலக்குவதைப் படம் பிடிக்க முடியாது.

பெட்டி பெட்டியாக வந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார். தணிக்கைக்கு வருகிறவர்கள் எண்ணும்போது பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரே உத்தரவு. அவர் அதை நிறைவேற்றிய அளவுக்கு இந்த எஸ்டேட்டில் வேறு எந்த உத்தரவும் நிறைவேற்றப்பட்டதில்லை.

தொழிலாளர்களைக் கூட்டி விதியை விளக்கினேன். படங்கள் காட்டினேன். நுரையீரலில் துகள் எவ்வளவு ஆழம் வரை போகும் என்று சொன்னேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் எழுந்தவள் லதா. புகைப்புரையில் ஷீட் ஏற்றி இறக்குகிறவள். அப்போதுதான் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

“மேடம், இந்த மாஸ்க் காட்டுப் புகைக்கு மட்டுந்தானா? அப்ப எங்க புகைப்புரைப் புகை என்ன, சாமிக்குப் போடுத சாம்பிராணியா?”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த விதியின் எல்லைக்குள் காட்டுத் தீயின் புகை மட்டுமே வருகிறது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது.

“செரி. இனிமே புகை வந்தா, நீ எங்கேருந்து வாறன்னு கேட்டுட்டு மூச்சு விடுதேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். புகைப்புரைக்கு வேறு விதி இருக்கிறது, அதற்கு வேறு துறை இருக்கிறது, அந்தத் துறைக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அந்தத் துறையும் நான்தான் என்பது பிறகு தெரிந்தது. எனக்கு நானே என்ன பதில் அனுப்புவது என்று யோசித்து, முதல் காரியமாக லதாவைப் புகைப்புரையிலிருந்து ஆய்வகத்துக்கு மாற்றினேன். பால் மாதிரி எடுக்கும் குப்பிகளைக் கழுவும் வேலை. உட்கார்ந்து செய்யலாம், குளிர்சாதன அறை. முதல் நாளே அவள் சொன்னது, “இங்க பாலுக்கு இருக்குத சொகம் மனுசனுக்கு இல்ல” என்பது.

அடுத்தது, கவசம் ஒட்டுகிறதா என்ற சோதனை. தேதியைத் தலைமை அலுவலகமே குறித்து அனுப்பியது. காட்டுத் தீ வரும் காலத்துக்குச் சற்று முன்பாக, அதாவது மாசி மாதத்தில்.

மாசி மாதம் என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேதி குறித்தவர்கள் இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள் அல்ல. பகவதி கோயில் கொடைத் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்கள் தாடி வைத்திருப்பார்கள். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்கியிருக்கும். அவர்களிலும் நேர்ந்துகொண்டவர்கள் ஈஸ்டர் வரை கத்தி வைக்க மாட்டார்கள். மனைவி கர்ப்பமாக இருந்தால் பிள்ளை பிறக்கும் வரை கணவன் முடியும் தாடியும் எடுக்கக் கூடாது என்ற வழக்கம் இரண்டு தரப்பிலும் உண்டு. ஆண்டில் எந்த மாதத்தில் இந்த எஸ்டேட்டில் மழித்த முகம் மிகக் குறைவு என்று யாராவது ஆய்வு செய்து தேதி குறித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

சோதனைக்கு வருகிறவர்களுக்கு வசதியாக ஒரு முடிதிருத்துபவரையும் ஏற்பாடு செய்யும்படி உத்தரவு. அவர் வந்து தொழிற்சாலைக்கு முன்னாலிருந்த பலாமரத்தடியில் நாற்காலி போட்டு, புது பிளேடு எடுத்து வைத்து, சாயங்காலம் வரை பத்திரிகை படித்தார். ஒரே ஒருவர்தான் அவரிடம் போய் உட்கார்ந்தார். மேனேஜர். காலையில் வீட்டிலேயே மழித்துவிட்டு வந்திருந்த அவர், ஒருவரும் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று மறுபடியும் மழித்துக்கொண்டார்.

சோதனை எளிதானது. கவசம் மாட்டிய தலைமேல் ஒரு கண்ணாடித்தாள் உறையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைத் தெளிப்போம். கசப்பு தெரிந்தால் கவசம் ஒட்டவில்லை. பெண்கள் எல்லோரும் தேறினார்கள். தாடி வைத்தவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். விதிப்படி அவர்களைச் சோதிக்கவே கூடாது. சும்மா பார்ப்போமே என்று தெளித்தேன். முகம் வேப்பங்கொழுந்தை மென்றது போலச் சுருங்கும், கண்ணில் தண்ணீர் வரும். “கசக்குதா அண்ணே?” என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்கு” என்பார்கள், அப்படியே எழுதிக்கொள்வேன். தேறாதவர்களைப் புகை நாளில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

இதை நினைவில் வையுங்கள். பதிலால் தனக்கு நஷ்டம் வரும் என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் கருவியைச் சோதிக்கவில்லை, அவர் பொறுமையைச் சோதிக்கிறீர்கள்.

ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னார். எஸ்டேட் ஜீப் ஓட்டும் ராஜமணி. லதாவின் கணவர். நெஞ்சு வரை இறங்கிய தாடி. ஒரு தெளிப்பிலேயே உறையைக் கழற்றி, “நாசமாப் போன கசப்பு, மேடம். எழுதிக்கிடுங்க. பிள்ள பிறந்த பிறகு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். தேறவில்லை என்று எழுதினேன். அந்த நாளில் நான் எழுதிய நம்பத்தகுந்த வரி அது ஒன்றுதான்.

இனி அந்தக் காலைப்பொழுது.

மாசியின் கடைசி. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, பால்வெட்டு நின்றிருந்த நேரம். மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் முந்தைய நாளே காடு பற்றியிருந்தது. வனத்துறை ஆட்கள் மேலே நின்று அணைத்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பு எங்கள் எல்லைக்கு வரவில்லை, வரும் அறிகுறியும் இல்லை. ஆனால் காற்று அசையாத காலை. புகை முழுவதும் மலை இறங்கி, பள்ளத்தில் வந்து படுத்துக்கொண்டது. நான் வேலைக்கு வந்தபோது தொழிற்சாலைக் கூரை தெரிந்தது, பலாமரம் தெரியவில்லை. துகள் அளக்கும் கைக்கருவியில் எண் கட்டாயக் கட்டத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது.

கீழே இருந்தவர்களைக் கட்டடத்துக்குள் அனுப்பினோம். சிக்கல் மேல் குடியிருப்பில். காட்டின் ஓரத்தில், வளைவுகள் நிறைந்த பாதையின் முடிவில், எங்கள் தொழிலாளர் குடும்பங்கள் சில இருக்கும் ஓட்டு வீடுகள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. கதவை அடைத்தாலும் புகை கேட்காது. பிள்ளைகள், இளைப்பு உள்ள ஒரு வயசாளி, பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டு வீட்டிலிருந்த லதா, எல்லோரும் அங்கே. லதாதான் கணவருக்குப் போன் செய்தாள். பேச்சைவிட இருமல் அதிகம் கேட்டது.

அவர்களைக் கீழே கொண்டுவர வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்பதில்தான்.

எஸ்டேட்டில் மொத்தமே ஓட்டுநர்கள் இரண்டு பேர். மேனேஜரின் டிரைவர் கொடைக்கு லீவில் போயிருந்தார். மிச்சம் ராஜமணி. மேனேஜருக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் அந்த வளைவுகளில் வெயில் நாளிலேயே ரிவர்ஸ் எடுக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான். ராஜமணி ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்து என் அறை முன்னால் நிறுத்தினார். மேலே தார்ப்பாய், பக்கங்களில் ஒன்றுமில்லாத பழைய ஜீப். விதிப்படி அவருக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுமதி தர வேண்டும். விதிப்படி தரவும் கூடாது.

“ஒரு நிமிஷத்துல ஷேவ் பண்ணிட்டுப் போச் சொல்லும்மா” என்றார் மேனேஜர். பிறகு ராஜமணியிடமே திரும்பினார். “உயிருக்கு முன்னால தாடியா ராஜமணி?”

“உயிருக்குத்தான் சார் தாடியே.”

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கமாகச் சொன்னார். “இத வழிச்சுப் போட்டுட்டுப் போயி, அவளுக்கோ பிள்ளைக்கோ ஒண்ணு ஆச்சுன்னு வையுங்க. பிறகு நான் எந்தக் கண்ணாடியில மொகம் பாக்க? தோர்த்த நனச்சு மூக்குல கெட்டிட்டுப் போறேன். எனக்குத்தானே இருமலு, இருமிட்டுப் போட்டும்.”

தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை அங்கேயே குழாயில் நனைக்கத் தொடங்கினார். நனைந்த துணி சாம்பலைத் தடுக்கும். உள்ளே போய்க் கெடுதல் செய்யும் நுண்துகளைத் தடுக்காது. அந்த வளைவில் அவருக்குக் கண் இருட்டிவிட்டால் ஜீப்பில் இருப்பவர்கள் எல்லோரும் பள்ளத்தில். அனுப்ப மாட்டேன் என்றால் அவர் கேட்காமல் போவார். அதுவும் எனக்குத் தெரிந்தது. ஸ்டெல்லா அக்கா ஸ்டோரிலிருந்து ஒரு சவரக்கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நெருக்கடியில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கேள்வி சரியானதுதானா என்று பார்க்க ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேள்வி, தாடியை எடுப்பதா வேண்டாமா. அவர் தாடியை எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கவசம் ஒட்டுகிறது, ஓட்டுகிறார். பின்னால் இருப்பவர்கள்? கதவில்லாத ஜீப்பில், புகை கனத்துக் கிடக்கும் பாதை முழுவதும் அவர்கள் அதையே இழுத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளின் முகத்துக்குப் பொருந்தும் கவசம் எங்களிடம் கிடையாது. ஜீப் போனால் ஓட்டுகிறவருடைய சிக்கல்கூட முழுதாகத் தீராது, மற்றவர்களுடையது கூடும்.

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு அட்டை. படிக்கும்போது மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியதை நானே அழகாக அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்தேன். ஆபத்திலிருந்து ஆளை விலக்கு. முடியாவிட்டால் நடுவே தடுப்பு வை: அடைத்த அறை, அடைத்த வண்டி. அதுவும் முடியாவிட்டால் வேலையின் நேரத்தைக் குறை. எல்லாம் செய்த பிறகும் மிச்சமிருந்தால் முகக்கவசம். கடைசி வரி. நாங்கள் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி வாசித்துக்கொண்டிருந்தோம், தலைமை அலுவலகத்தைப் போலவே.

அடைத்த அறை இருந்தது. பாலுக்குச் சுகமாகக் கட்டிய ஆய்வகம். அடைத்த வண்டி?

போர்ட்டிகோவில், துணி போட்டுத் துடைத்து, வெள்ளையாக நின்றது.

நான் பார்த்த திசையை மேனேஜரும் பார்த்தார். அவருடைய அந்தக் காரில் எஸ்டேட் தொழிலாளி யாரும் ஏறியதில்லை. நானே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன், அதுவும் தணிக்கைக்காரர்களுக்குப் பாதை காட்ட. கண்ணாடியை முழுக்க ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வராத பட்டனைப் போட்டு ஏசியை ஓட்டினால் உள்ளே புகை மிகக் குறைவாக இருக்கும், தாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நான் அவரிடம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

“சீட் கவர் இப்பதாம்மா மாத்தினது” என்றார். சாவியைப் பையிலிருந்து எடுத்து ராஜமணியிடம் நீட்டிவிட்டு, “செருப்ப மட்டும் வெளிய போட்டுட்டு ஏறு” என்றார்.

ராஜமணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினார். கோயிலுக்குள் நுழைவது போலத்தான் இருந்தது.

நானும் போக நினைத்தேன். போயிருந்தால் ஓர் இருக்கை குறைந்திருக்கும். கைக்கருவியை மட்டும் முன்னிருக்கையில் வைத்து, எந்த எண் வந்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மேலே காத்திருப்பவர்களில் பெரியவர்களுக்காக ஒரு பெட்டி முகக்கவசமும். ஸ்டெல்லா அக்கா அலமாரியைத் திறந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பைப் பிரிக்கும்போது நீங்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “ஆடிட்டர் எண்ணினா நான் பொறுப்பில்ல, கேட்டியளா?” என்றார். நாங்கள் இருவரும் ஆய்வகத்தின் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினோம். பால் குப்பிகளையெல்லாம் வெளியே எடுத்துப் புகையில் வைத்தோம்.

கார் திரும்பி வந்தது. கதவு திறந்ததும் பிள்ளைகள், அவர்களோடு இளைப்புக்கார வயசாளி. லதா இல்லை.

“லதா எங்க?” என்றேன்.

“ஏறமாட்டேன்னிட்டா. கொச்சுப் பிள்ளைகள முதல்ல கொண்டு போவச் சொன்னா. எனக்க பேச்ச அவ என்னைக்குக் கேட்டா?” கதவைக்கூட முழுதாகச் சாத்தாமல் வண்டியைத் திருப்பினார். நான் ஓடிப்போய்ச் சாத்தினேன்.

இரண்டாவது தடவை நேரமாயிற்று. நேரமாகக் காரணங்கள் பல இருக்கலாம் என்று எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். எனக்கு அது பழக்கம். விளக்கு வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி அடிக்கும், மெதுவாகத்தான் வர முடியும். மரக்கிளை விழுந்திருக்கலாம். அவள் மற்ற யாரையாவது ஏற்றி அனுப்பிவிட்டு மறுபடியும் நின்றுகொண்டிருக்கலாம். வரிசை ஓரிடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். போன் கிடைக்கவில்லை. மேனேஜர் போர்ட்டிகோவில், சரியாகக் கார் நிற்கும் இடத்தில், மழித்த முகத்தில் கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றார். எஸ்டேட்டில் அது மிகச் சரியாக ஒட்டியது அவருக்குத்தான்.

“ஏம்மா, ஏசி தொடர்ந்து ஓடினா எஞ்சின் சூடாகுமோ?” என்று கேட்டார்.

ஆகாது என்றேன். சிறிது கழித்து அதையே மறுபடியும் கேட்டார். அவர் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

முதலில் விளக்கு தெரிந்தது. பிறகு ஹாரன். முன்னிருக்கையில் லதா, கவசம் மாட்டி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள், அவர்கள் மடியில் ஒரு ஆடு. லதா இறங்குவதற்கு முன்னால், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், கவசத்தைச் சற்றுத் தூக்கி மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்.

“சார், சீட்டுல ஒண்ணுக்குப் போனது ஆடுதான். நான் இல்ல, கேட்டியளா.”

அவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவள் இறங்குவதற்கு நீட்டினார். “பரவாயில்லம்மா, பாத்து எறங்கு” என்றார். பிறகு ஆட்டைப் பார்த்தார். அதனிடம் எதுவும் சொல்லவில்லை.

மிச்சமிருந்தவர்களையும் கொண்டுவந்த பிறகு, மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது, புகை மெல்லக் கலைந்தது. மலைக்கு அப்பால் தீ கட்டுக்குள் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மேல் குடியிருப்பில் ஓர் ஓடுகூடக் கருகவில்லை. லதாவை நெய்யூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை என்றார்கள். அடுத்த சில நாளிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கும் காரில்தான் போனாள், சீட் கவர் இனி எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று மேனேஜரே அனுப்பினார்.

இங்கே கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். பாதுகாப்புத் துறையில் எதுவும் நடந்ததோடு முடிவதில்லை, தணிக்கையோடுதான் முடிகிறது.

வெளிநாட்டுத் தணிக்கைக்காரர் கணினித் திரையில் வந்து, பண்பாகப் பேசினார். ஆண்டு முழுவதிலும் புகை மிக அதிகமாக இருந்த நாளில், முகக்கவசம் பொருந்தாதவர் என்று எங்கள் பதிவேட்டிலேயே குறித்திருந்த ஒரே ஒருவரைப் புகைக்குள் அனுப்பியிருக்கிறோம், அதுவும் பல தடவை. ஏன் என்று கேட்டார். நான் விளக்கினேன். அடைத்த வண்டி என்பது அவர்கள் விதியிலேயே முகக்கவசத்துக்கு முன்னால் வருகிறது என்று பக்கத்தைக் காட்டினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், இருக்கிறது என்று வியந்தார். இருந்தாலும் தணிக்கை அறிக்கையில் ஒரு குறை எழுத வேண்டியிருந்தது. எழுதினார்: முகக்கவசப் பெட்டி ஒன்று பிரிக்கப்பட்டிருக்கிறது, இருப்பு குறைகிறது. ஸ்டெல்லா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முட்டத்துக்கும் கொண்டு போவேன்.

ஜீப்புக்குக் கதவும் கண்ணாடியும் ஏசியும் வேண்டும் என்று நான் முன்பே இரண்டு தடவை எழுதியிருந்தேன். தொழிலாளரின் நுரையீரல் நலம் கருதி என்று காரணம் காட்டியிருந்தேன். இரண்டும் பரிசீலனையில் இருந்தன. அந்தக் காலைக்குப் பிறகு மூன்றாவதாக எழுதியதில் ஒரு வரியை மட்டும் மாற்றினேன். காரணம்: மேலாளரின் காரில் கால்நடை ஏற்றப்படுவதைத் தவிர்க்க. உடனே ஒப்புதல் வந்தது. கையெழுத்துப் போடுகிறவர் எந்தச் சேதத்தைக் கண்ணால் பார்க்க முடியுமோ அதை எழுதுங்கள். நுரையீரல் உள்ளே இருக்கிறது. சீட் கவர் வெளியே இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒருநாள் ராஜமணி என் அறைக்கு வந்தார். முதலில் யாரென்று தெரியவில்லை. மழித்த முகம், தாடை மட்டும் வெளுத்து, பத்து வயது குறைந்து. பிள்ளை பிறந்தால் வருகிறேன் என்று சொன்னேனே, சோதித்துப் பாருங்கள் என்றார். வெளியே கொட்டுகிற மழையில் அடுத்த சில மாதங்களுக்குக் காட்டில் ஒரு தீக்குச்சி பற்றாது. இருந்தாலும் உறையைக் கவிழ்த்து மருந்தைத் தெளித்தேன். கசக்கவில்லை என்றார். அவர் சொன்னால் நம்பலாம். தேறினார் என்று எழுதினேன்.

லதா வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். ஆய்வகத்தில்தான். ஆனால் புகைப்புரையில் அவள் இடத்தில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். அந்தப் புகைக்கு இன்னும் எந்த ஊரிலிருந்தும் விதி வந்து சேரவில்லை. புகைபோக்கியை உயர்த்தி, அடுப்பை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று திட்டம் வரைந்து வைத்திருக்கிறேன். உங்கள் மேசையின் வலப்புற இழுப்பறையில் இருக்கிறது. காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் யோசித்து எழுதுங்கள். ஆடு கிடைத்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. இந்த மாசியிலும் புகை வந்தது, கொஞ்சமாக. நான் வாசலில் கருவியோடு நின்றிருந்தபோது புதுப்பித்த ஜீப் மேல் குடியிருப்புக்குப் புறப்பட்டது. கதவு, கண்ணாடி எல்லாம் உண்டு. உள்ளே ராஜமணி, செருப்பு போட்டுக்கொண்டு. முகத்தில் மறுபடியும் தாடி.

லதா மறுபடியும் கர்ப்பமா, கொடைக்கு நேர்ந்ததா, அல்லது காடு எரியக் கூடாது என்று வேண்டுதலா என்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி என் தாடையைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கவில்லை. உள்ளேயிருந்தபடியே ஏதோ சொன்னார், கேட்கவில்லை. இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, கண்ணாடியின் மேல் நான் போன வருடம் என் கையாலேயே ஒட்டிய ஸ்டிக்கரை விரலால் தட்டினார். புகை நாளில் கண்ணாடியை இறக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.